பிள்ளை கேட்கும் லென்ஸ்

ஏற்காடு அடிவாரம் வழியாகச் சரக்கு அனுப்பும் நமக்கு, 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு பழக்கமானது. அந்தக் காற்று பட்டதோ என்னவோ, கடைப் பிள்ளைகள் சிலருக்கு இன்றும் பிலிம் ஆசை. "பழைய 16 மி.மீ. ரஷ்யக் கேமராவுக்கு லென்ஸ் வாங்கப் பணம் கேட்கிறான், கொடுக்கலாமா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பதால் எழுதுகிறோம்.

கே-3 கேமராவின் படச் சட்டத்தை ஒரு பக்கம் அராவி அகலப்படுத்தினால் சூப்பர் 16. அப்போது கூட வந்த ஜூம் லென்ஸ், அகலக் கோணத்தில் ஓரம் கறுக்கும். அதற்குச் சினிமா லென்ஸ்தான் வேண்டுமென்பதில்லை. ஜெனித் புகைப்படக் கேமராவும் அதே கிராஸ்னகோர்ஸ்க் ஆலைச் சரக்கு. அதன் 42 மி.மீ. மரை லென்ஸ் அப்படியே ஏறும். மரையில்லாத கே-3யும் உண்டு, கழற்றிப் பார்த்து வாங்கவும்.

ஜெனித்தின் 58 மி.மீ. லென்ஸில் ஒரு சங்கடம். சட்டம் சிறிதல்லவா? பத்தடி தள்ளி நின்றாலும் முதலாளியின் தலையும் தோளும்தான் விழும். அடுக்கிய சரக்கு தெரியாது.

நிக்கான் லென்ஸ் என்றால் அடாப்டர் வளையம் வேண்டும். அது பிலிமிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி உட்காரும் லென்ஸ். கேமராவில் இருப்பது 45.46. மிச்சம் ஒரு மில்லிமீட்டர்தான் வளையத்துக்கு. தடித்துவிட்டால் தூரத்துச் சேர்வராயன் மலை தெளியவே தெளியாது.

நூறடிச் சுருள் 2 நிமிடம் 47 விநாடியில் தீர்ந்துவிடும். தவறிய நிறுவையைத் திரும்பப் போடலாம். ஓடிய பிலிம் போனதுதான். இரவல் லென்ஸில் பத்தடி ஓட்டி, கழுவிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.