அதிபரைத் தனியே விடாதீர்கள்

இடம்பெயர்ந்து போன ஒரு கிராமம் எப்போது மீண்டும் கிராமமாகிறது? கூரை ஏறியதும் என்று அறிக்கை எழுதுவோர் கூறுவர். முதற் போகம் வெட்டி நெல் வீடு வந்ததும் என்று விவசாயி கூறுவார். தாய்மாரைக் கேட்டால், பாடசாலை மணி ஒழுங்காக அடிக்கத் தொடங்கியதும் என்பார்கள். மூன்று பதிலும் சரியானவையே. ஆனால் முதலிரண்டும் நடந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் மூன்றாவது நடக்காமல் இருக்கும் கிராமங்களை நாம் அறிவோம்.

1990 ஆம் ஆண்டிலும், பின்னர் 2007 மார்ச் மாதத்திலும் படுவான்கரைக் குடும்பங்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எழுவான்கரை நோக்கிப் புறப்பட்டன. 2007 இல் மட்டும் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஓர் இலட்சத்துக்கும் அதிகம். திரும்பி வந்தபோது வீடு, விதைநெல், கிணறு, வீதி என்று எத்தனையோ கேட்டோம். பாடசாலைக்கும் கட்டடம் கேட்டோம், தளபாடம் கேட்டோம், ஆசிரியர் கேட்டோம். கேட்டவற்றுட் பல கிடைத்தும் விட்டன. ஆனால் ‘எங்கள் அதிபருக்கு என்ன உதவி வேண்டும்?’ என்று ஒரு கூட்டத்தில் எவரேனும் எழுந்து கேட்பது அரிது. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

வட்டவிதானையும் அதிபரும்

உறுகாமம் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்வோருக்கு வட்டவிதானையின் வேலையை விளக்க வேண்டியதில்லை. குளம் அவருடையதல்ல. வயல்களும் பிறருடையவை. ஆனால் அவர் கண்பார்வை இல்லாவிட்டால் நீர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. வாய்க்கால் தொடங்கும் இடத்து வயலுக்குத் தண்ணீர் தானாகவே பாயும். கடைசி வயலுக்குப் பாய்ச்சத்தான் வட்டவிதானை வேண்டும்.

ஆரம்பப் பாடசாலை அதிபரின் வேலையும் இதுவே. படித்த தாயும் மேசையும் மின்விளக்கும் உள்ள வீட்டுப் பிள்ளை எப்படியும் எழுத்தறியும். அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் வாடிக்குப் போய்விடும் பிள்ளை, தாய் மத்திய கிழக்கில் இருக்க அம்மம்மாவுடன் வளரும் பிள்ளை, யானை வந்த இரவில் கண்விழித்துவிட்டு வகுப்பில் தூங்கும் பிள்ளை, இவர்களே கடைசி வயல்கள். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொவிட் நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோதும், 2022 இல் எரிபொருளின்றிப் பேருந்துகள் நின்றபோதும் முதலில் காய்ந்து போனவையும் இந்த வயல்களே.

அதிபர்களிடம் இரு வகை மனப்பாங்குகளைக் காண்கிறோம். ஒன்று காவலாளியின் மனப்பாங்கு. திறப்பு பத்திரமாக இருக்கிறது, வரவு இடாப்பு சரியாக இருக்கிறது, சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதிவு இருக்கிறது, மேலதிகாரி வந்தால் குறை காண முடியாது. எனவே என் கடமை முடிந்தது. மற்றது வட்டவிதானையின் மனப்பாங்கு. தரம் 3 இல் இருக்கும் இந்தப் பிள்ளை ஏன் இன்னும் வாசிக்கவில்லை? அந்த ஆசிரியைக்கு எதிலே உதவி தேவை? இந்த வாரம் வராமல் நின்ற மூவரின் வீட்டுக்கு யார் போவது? இடாப்பு இவருக்கும் வேண்டும். ஆனால் இவர் இடாப்பைப் பார்ப்பது பிள்ளையைத் தேடுவதற்காக.

அமெரிக்க உளவியலாளர் கறோல் டுவெக் 2006 இல் வெளியிட்ட நூலில், திறமை பிறவியிலேயே அளந்து தரப்பட்டது என்று நம்புவோரையும், முயற்சியாலும் நல்ல வழிகாட்டலாலும் அது வளரும் என்று நம்புவோரையும் வேறுபடுத்திக் காட்டினார். ‘இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் ஏறும்’ என்று ஓர் அதிபர் நம்பினால், அந்த நம்பிக்கை சுவரில் எழுதப்படாமலே எல்லா வகுப்புகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

காவலாளியின் மனப்பாங்கு கெட்ட மனத்தினால் மட்டும் வருவதன்று. பெரும்பாலும் அது தனிமையினாலும் பயத்தினாலும் வருவது. பக்கத்தில் நிற்க ஆளில்லாதவர் பிழை நேராமற் பார்த்துக்கொள்வதிலேயே காலத்தைக் கழிப்பார். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்?

அதிபரின் ஒரு நாள்

கரடியனாறு மட்டக்களப்பு மேற்குக் கல்வி வலயத்தின் ஏறாவூர்ப்பற்று மேற்குக் கோட்டத்தைச் சேர்ந்தது. இங்கும் இதற்கு அப்பாலும் உள்ள சிறிய ஆரம்பப் பாடசாலை ஒன்றின் அதிபரை நினைத்துப் பாருங்கள். அதிகாலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிப் பேருந்தைப் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து மோட்டார் சைக்கிளிலோ நடந்தோ வந்து சேர்கிறார். இரண்டு ஆசிரியர் அன்று விடுமுறை. ஆகவே அவரே ஒரு வகுப்பை எடுக்க வேண்டும். சத்துணவு சமைக்கும் தாய் விறகு ஈரம் என்கிறார். வலயத்திலிருந்து தொலைபேசி: ஒரு படிவத்தை இன்றே அனுப்ப வேண்டும். தண்ணீர்த் தாங்கி உடைந்திருக்கிறது. ஒரு தகப்பன் கோபத்தோடு வாசலில் நிற்கிறார்.

இவர் நிரந்தர அதிபர் சேவையைச் சேராத, கடமை நிறைவேற்றும் அதிபராகவும் இருக்கக்கூடும். அப்படியானால் பொறுப்பு முழுவதும் உண்டு. பதவிக்குரிய உறுதி இல்லை. நேற்று வரை நல்ல ஆசிரியராக இருந்தார் என்பதற்காக இன்று அதிபராக்கப்பட்டவர் அவர். வகுப்பு நடத்தத் தெரியும். கணக்கு வைப்பதையும், சக ஆசிரியரின் கற்பித்தலைப் பார்த்து மனம் நோகாமல் ஆலோசனை சொல்வதையும், ஊரின் இரு பிரிவுகளை ஒரே கூட்டத்தில் இருத்துவதையும் யார் அவருக்குக் கற்பித்தார்கள்?

பயிற்சி இல்லை என்று சொல்ல முடியாது. 1985 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த தேசிய கல்வி நிறுவகம், மீப்பேயில் கல்வித் தலைமைத்துவத்துக்கென ஒரு நிலையத்தையே நடத்துகிறது. வலயங்களிலும் செயலமர்வுகள் நடைபெறுகின்றன. ஆனால் செயலமர்வு முடிந்து கோப்புறையோடு திரும்பி வரும் அதிபர், மறுநாட் காலை அதே உடைந்த தாங்கியின் முன் தனியே நிற்கிறார். குறை இங்கேதான்.

முகாமையாளர் இருந்த காலம்

கத்தோலிக்கப் பாடசாலைகளின் வரலாறு இவ்விடத்தில் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரி 1873 இல் தோன்றியது. 1895 முதல் இப்பகுதியின் மறைப்பணியைப் பொறுப்பேற்ற பிரெஞ்சு இயேசு சபையினரும், பின்னர் வந்த அமெரிக்க இயேசு சபையினரும் பாடசாலைப் பணியை முன்னின்று நடத்தினர். நகரத்தின் பெரிய கல்லூரிகளோடு சிறிய தமிழ்ப் பாடசாலைகளும் எழுந்தன. ‘றோ.க.த.க.’ என்ற எழுத்துகள் இன்றும் சில பெயர்ப் பலகைகளில் எஞ்சியிருக்கின்றன. றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை என்பது அதன் விரிவு.

அக்காலத்தில் அரசு சம்பளப் பணம் வழங்கியது. திருச்சபையின் முகாமையாளர் அதிபரை நியமித்தார். 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் இம்முறையை முடிவுக்குக் கொண்டுவந்தன. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றன. தென்னிலங்கையில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து மறியல் இருந்ததும், பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிரேசியஸ் வந்து சமரசம் செய்ததும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்தப் பழைய முறை குறையற்றது என்று கூற நாம் வரவில்லை. முகாமையாளரின் விருப்பு வெறுப்புக்கு ஆசிரியர் ஆட்பட்டனர். பிற சமயத்தார் வேலை பெறுவது கடினமாயிருந்தது. சைவப் பெற்றோருக்கு நியாயமான மனக்குறைகள் இருந்தன. எனினும் நல்ல முகாமையாளர் ஒருவர் சைக்கிளில் வந்து, அதிபரோடு இருந்து கதைத்து, அவருடைய சுமையைக் கேட்டறிந்து போவார். முகாமையாளரின் அதிகாரம் போனதோடு அந்தத் தோழமையும் போய்விட்டது. அதிகாரத்தை அரசு எடுத்தது சரி. தோழமையை எவரும் எடுத்துச் செல்லவில்லை. நாமே அதைக் கைவிட்டோம்.

நம் மண்ணிலே அந்தத் தோழமைக்கு முன்மாதிரியும் உண்டு. யூஜின் ஹெபேர்ட் அடிகளாரைப் பலர் கூடைப்பந்துப் பயிற்றுநராக அறிவர். பயிற்றுநர் தாமே பந்தை எடுத்து ஓடுவதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று, விளையாடுபவரை விளையாட வைக்கிறார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த இளைஞரோடு அவர் காணாமற்போனார். அவர் நின்ற அந்தக் கோட்டோரத்தில் இன்று நிற்கப் போவது யார்?

மோசேயின் மாமனார்

விவிலியத்தில் விடுதலைப் பயண நூலின் 18 ஆம் அதிகாரத்தை இடம்பெயர்ந்தோர் ஒருமுறை வாசிக்க வேண்டும். எகிப்தை விட்டு வெளியேறிய மக்கள் பாலைநிலத்தில் கூடாரமடித்திருக்கிறார்கள். நம் முகாம்களைப் போலவே. காலை தொடங்கி மாலை வரை மோசே ஒருவரே அமர்ந்து எல்லாருடைய வழக்கையும் கேட்கிறார். மாமனார் இத்திரோ வந்து பார்க்கிறார். மருமகனைப் புகழவில்லை, ஏசவுமில்லை. இப்படியே போனால் நீயும் களைத்துப் போவாய், மக்களும் களைத்துப் போவார்கள் என்று எச்சரித்து, நம்பத்தக்கவர்களைத் தெரிந்து பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும் வழியைச் சொல்லிக் கொடுக்கிறார். பின்னர் தம் ஊருக்குப் போய்விடுகிறார்.

இத்திரோ இஸ்ரயேலர் அல்லர். மிதியான் நாட்டு அர்ச்சகர். மோசேக்கு வேண்டிய ஆலோசனை அவர் குலத்துக்கு வெளியே இருந்து வந்தது. எனவே கத்தோலிக்க அதிபருக்குச் சைவப் பெரியவர் ஒருவர் தோள் கொடுப்பதும், சைவ அதிபருக்குப் பங்குத்தந்தை தோள் கொடுப்பதும் முறையானதே. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் நினைவூட்டியது. அதிபரைத் தாங்குவது அந்த முதல் ஆசிரியர்களின் கடமையிலும் அடங்கும்.

பிற நாட்டு அனுபவம்

பாடசாலைக்குள் பிள்ளைகளின் கற்றலைப் பாதிக்கும் காரணிகளுள் வகுப்பறைக் கற்பித்தலுக்கு அடுத்ததாக நிற்பது தலைமைத்துவமே என்று கனடாவின் கென்னத் லீத்வுட்டும் அவருடைய துணை ஆய்வாளரும் 2004 இல் எடுத்துக்காட்டினர். நியூசிலாந்தின் விவியன் றொபின்சனும் அவருடைய குழுவினரும் 2008 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதிபர் செய்யும் பல வேலைகளுள், ஆசிரியரோடு தாமும் அமர்ந்து கற்பித்தலைப் பற்றிக் கற்பதே பிள்ளைகளுக்கு மிகுந்த பயன் தருகிறது என்று அது கண்டது.

அயர்லாந்தில் ஆரம்பப் பாடசாலைகளுள் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவை. அங்கும் அதிபர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் வகுப்பும் எடுப்பவர்களே. 2015 இல் அங்கு பாடசாலைத் தலைமைத்துவ நிலையம் ஒன்று தொடங்கப்பட்டு, புதிய அதிபர் ஒவ்வொருவருக்கும் அனுபவமுள்ள இன்னோர் அதிபரை வழித்துணையாக இணைக்கும் முறை வளர்ந்தது. 2023 இல் அந்நிலையம் ஆசிரியர் பயிற்சிக்கான புதிய அரச அமைப்போடு சேர்க்கப்பட்டது. மேலும், அயற் பாடசாலைகள் சில சேர்ந்து ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்கின்றன. அவர் ஒரு நாள் ஒரு பாடசாலையில் அதிபரின் வகுப்பை எடுக்க, அதிபர் அன்று தலைமைப் பணியைக் கவனிக்கிறார். இதற்குப் பெரிய மாளிகையோ கணினியோ தேவைப்படவில்லை. ஒழுங்கு மட்டுமே தேவைப்பட்டது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, அயலிலுள்ள ஐந்தாறு ஆரம்பப் பாடசாலைகளின் அதிபர்கள் மாதத்தில் ஒரு பின்னேரம் ஒன்றுகூட வேண்டும். சுற்றறிக்கை வாசிக்கும் கூட்டமாக அது இருக்கக் கூடாது. ஒருவர் தம் பாடசாலையின் ஒரு சிக்கலை எடுத்துரைக்க, மற்றவர்கள் தாங்கள் செய்து பார்த்ததைச் சொல்ல வேண்டும். அங்கு பேசியது வெளியே போகலாகாது. பங்கு மண்டபத்தையும் தேநீரையும் திருச்சபை கொடுக்கலாம். கதிரையில் முதலாவதாக அமர வேண்டியதில்லை.

இரண்டாவது, ஓய்வு பெற்ற நல்ல அதிபர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். புதிய அதிபர் ஒருவருக்கு அவர்களுள் ஒருவர் ஈராண்டு வழித்துணையாக நிற்கலாம். சோதனையிடுபவராக அல்ல, இத்திரோவாக. வலயக் கல்வி அலுவலகத்தின் இசைவோடு இதைச் செய்வது நல்லது.

மூன்றாவது பெற்றோருக்குரியது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உங்களுடையது. 2006 இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டமும் பாடசாலையின் தீர்மானங்களில் பெற்றோருக்கு இடம் தந்தது. கூட்டத்துக்குப் போங்கள். பணக் கணக்கைக் கேட்பது உங்கள் உரிமை. அதோடு, வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன செய்கிறோம் என்றும் கேளுங்கள். தாங்கி உடைந்தால் அதைத் திருத்தும் கை உங்களுடையதாக இருக்கட்டும். மனக்குறை இருந்தால் முதலில் அதிபரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கையொப்பமில்லாத முறைப்பாட்டுக் கடிதம் ஒரு நல்ல அதிபரையும் காவலாளியாக மாற்றிவிடும். ஆனால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்த இடத்தில் மௌனம் வேண்டாம். அதனை உரிய அதிகாரியிடம் பெயரோடு முறையிடுங்கள்.

நான்காவது, அறுவடைக்கு முன் ஓர் ஏற்பாடு. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதியைத் தீர்மானிக்கும்போதே, வெட்டுக் காலத்தில் பிள்ளைகளை ஊரில் யார் வைத்துப் பார்ப்பது, யார் பாடசாலைக்கு அனுப்புவது என்பதையும் தீர்மானிக்கலாம். அதிபரையும் அக்கூட்டத்துக்கு அழையுங்கள். வட்டவிதானையின் பக்கத்தில் அவருக்கும் ஒரு கதிரை போடுங்கள்.

ஆயித்தியமலை சதாசகாய அன்னை திருத்தலத்துக்கு நாம் ஆண்டுதோறும் நடந்து போகிறோம். போகும் வழியிலும் வரும் வழியிலும் எத்தனையோ சிறிய பாடசாலைகளைக் கடக்கிறோம். அவற்றின் உள்ளே ஒரு மனிதர் நூறு பிள்ளைகளின் வருங்காலத்தைத் தாங்கி நிற்கிறார். அடுத்த சங்கக் கூட்டத்தில் உங்களுள் ஒருவர் எழுந்து கேளுங்கள்: ‘சேர், உங்களுக்கு எங்களால் என்ன உதவி வேண்டும்?’ அவர் உடனே பதில் சொல்லாமல் இருக்கலாம். இதுவரை எவரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள்.