பொன்மலையிலிருந்து பிளேனோ வரை

அப்பா அம்மாவுக்கு க்ரீன் கார்டு எடுப்பது பற்றி நம் வாட்ஸாப் குழுக்களில் வரும் கேள்விகளைக் கவனித்திருப்பீர்கள். ஐ-130 எத்தனை மாதம் எடுக்கும், பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் என்ன கொடுக்கலாம், மும்பை நேர்காணலுக்கு எந்த ஹோட்டல் பக்கம்... எல்லாம் விமானம் தரையிறங்கும் வரைக்குமான கேள்விகள். இறங்கி, பெட்டியைப் பிரித்து, ஊரிலிருந்து வந்த முறுக்கும் தீர்ந்த பிறகு வரும் கேள்விகளை யாரும் குழுவில் கேட்பதில்லை. "எங்க அம்மா பகல் முழுக்க ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருக்காங்க, என்ன பண்றது?" என்று எப்படி டைப் செய்வது?

எங்கள் வீட்டுக் கதை இது. அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து 60 வயதில் ஓய்வு பெற்றவர். அம்மா அந்தத் தெருவுக்கே சீட்டுக் கணக்கு பார்த்தவர், ஓய்வு நேரத்தில் தையல். அக்கா அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். 21 வயது நிறைந்த குடிமக்கள் பெற்றோரை ஸ்பான்சர் செய்யலாம்; இந்தப் பிரிவுக்கு வருடாந்திர எண்ணிக்கை வரம்பு கிடையாது. வேலைவழி வரிசையில் வருஷக்கணக்காக நிற்கும் எனக்கு முன்னால் அப்பாவுக்கு க்ரீன் கார்டு வந்துவிட்டது. அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அவ்வப்போது என்னிடம் எடுத்துக் காட்டுவதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்! 2023-ல் வந்தார்கள். அப்போது அப்பாவுக்கு 65, அம்மாவுக்கு 60. டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் அக்கா வீட்டில் இருக்கிறார்கள். நான் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவில்.

அதற்கு முன் இரண்டு தடவை விசிட்டராக வந்து ஆறாறு மாதம் இருந்தவர்கள்தான். ஆனால் விசிட் வேறு, குடிவருவது வேறு. விசிட்டில் திரும்பிப் போகும் தேதி தெரியும். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். போரடித்தாலும் "இன்னும் நாப்பது நாள்தானே" என்று ஒரு பிடிமானம் இருக்கும். குடிவந்த பிறகு அந்த வட்டம் இல்லை. இது யாருடைய வீடு என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. "இது உங்க வீடும்மா" என்று அக்கா நூறு தடவை சொல்லியிருப்பாள். ஆனாலும் அம்மா புளி டப்பாவை இடம் மாற்றி வைக்க ஒரு வருஷம் ஆனது.

அப்பாவுக்குப் போனது அவருடைய சைக்கிள். அதாவது, காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போகும் வசதி. ஊரில் டீக்கடை, சந்தை, பென்ஷனர் சங்கம், கோயில் எல்லாம் அவர் காலுக்கு எட்டும் தூரம். இங்கே கார் இல்லாமல் ஒரு ஷேவிங் பிளேடு வாங்க முடியாது. டீசல் இன்ஜினைப் பிரித்து மாட்டிய மனுஷன், மகள் ஆபீஸ் முடிந்து வரும் ஆறு மணிக்காக மூன்று மணியிலிருந்து சட்டையை மாற்றிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

வீடு தேடும்போது நாம் ஸ்கூல் ரேட்டிங் பார்க்கிறோம், ஆபீஸுக்கு எத்தனை நிமிஷம் என்று பார்க்கிறோம். பெற்றோர் வரப்போகிறார்கள் என்றால் நடைபாதை இருக்கிறதா, பஸ் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். பிளேனோ டார்ட் எனப்படும் டாலஸ் போக்குவரத்து அமைப்பில் இருக்கிறது, ரயிலே வருகிறது. ஃபிரிஸ்கோ அதில் உறுப்பினர் இல்லை. என் வீடு புதுசு, பெரிசு. ஆனால் அப்பா அக்கா வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம், மருமகள் இல்லை! (என் மனைவி இதை எழுதச் சொன்னாள்.)

ரூட் மேப்பையும் டைம்டேபிளையும் இரண்டு வாரம் படித்தார். 65 வயதுக்கு மேல் கட்டணச் சலுகை உண்டு. முதல் தடவை தனியாகக் கிளம்பியபோது அக்கா ஆபீஸ் மீட்டிங்கில் போனில் அவருடைய புள்ளி நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பார்க்கர் ரோடு ஸ்டேஷனில் ஏறி, பழைய பிளேனோ கடைத்தெருவில் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டு வந்தார். அவ்வளவுதான். அன்று ராத்திரி ரொம்ப நாள் கழித்து அவராகப் பேச ஆரம்பித்தார். தண்டவாளம் எப்படி, பெட்டி யார் செய்தது, கதவு எப்படி மூடுகிறது என்று. ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரி வரை போகும்போது காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். திருச்சிக்காரருக்கு வெயில் புதுசில்லை. நிழலே இல்லாத ரோடுதான் புதுசு.

அம்மாவுடைய கஷ்டம் இவ்வளவு வெளிப்படையாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கேன்". இரண்டாம் மாதத்திலிருந்தே அடிக்கடி தலைசுற்றல். டாக்டரிடம் போனால் அக்காதான் மொழிபெயர்ப்பாள். அம்மா சொல்வதை அக்கா சொல்வாள், டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதுவார், எல்லாம் நார்மல் என்று வரும். ஒருமுறை அக்காவால் போக முடியாமல் நான் கூட்டிப் போனேன். அங்கிருந்த நர்ஸ், தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் போடட்டுமா என்று கேட்டார். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் இந்த உதவியை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். நம்மில் பலர் "நான்தான் இருக்கேனே" என்று மறுத்துவிடுகிறோம். அன்று அம்மாவே "போடச் சொல்லு, நீ வெளியில இரு" என்றார்.

இருபது நிமிஷம் கழித்து அம்மா சம்மதத்துடன் டாக்டர் என்னிடம் சொன்னது: அம்மா மூன்று மாதமாக ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மதியம் வீட்டில் யாரும் இல்லாதபோது அழுகிறார். சாப்பாடு இறங்குவதில்லை. முகம் தெரியாத ஒரு தமிழ்க் குரலிடம் சொல்ல முடிந்ததைப் பெற்ற பெண்ணை வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. சொன்னால் மகள் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்திருக்கிறார். காரில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "அங்க நாலு பேரு என்கிட்ட வந்து கேப்பாங்கடா. இங்க நான் எல்லாத்துக்கும் உங்ககிட்ட கேக்கணும்."

அந்த 'கேக்கணும்' என்பதில் பணமும் இருந்தது. அப்பாவின் பென்ஷன் திருச்சி வங்கியில் விழுகிறது. இங்கே கோயில் உண்டியலில் ஒரு டாலர் போட அம்மா மகளிடமோ மாப்பிள்ளையிடமோ கை நீட்ட வேண்டும். நீட்டவில்லை, கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். அடுத்த வாரமே அப்பா அம்மா பெயரில் இங்கே ஒரு கணக்கு, இரண்டு டெபிட் கார்டு. இதை வந்த முதல் மாதமே செய்யுங்கள்.

இந்தியக் கணக்கையும் சும்மா விட முடியாது. குடிபெயர்ந்த பிறகு சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வரி போக பென்ஷன், வாடகை, வட்டியை அங்கிருந்து இங்கே அனுப்பிக்கொள்ளலாம். க்ரீன் கார்டு வந்துவிட்டால் உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்ட வேண்டும், பென்ஷனும் டெபாசிட் வட்டியும் சேர்த்து. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்தத் தொகை வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் தாக்கல் செய்ய வேண்டும். அவர்களோடு ஜாயின்ட் கணக்கு வைத்திருக்கும் உங்களுக்கும் அது பொருந்தும்.

மருத்துவக் காப்பீடு தனிப் புராணம், சுருக்கமாகச் சொல்கிறேன். விசிட்டர் இன்ஷூரன்ஸை நம்பி வருஷக்கணக்கில் ஓட்ட முடியாது. குடிவந்த 60 நாளுக்குள் மார்க்கெட்பிளேஸ் திட்டத்தில் சேர வழி இருக்கிறது. அதைத் தவறவிட்டால் பொதுவாக அடுத்த சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும். மெடிகேர் வேண்டுமென்றால் 65 வயதும் ஐந்து வருஷத் தொடர் வசிப்பும் வேண்டும். எங்கள் வீட்டில் இருவருக்கும் அது 2028. இங்கே சுமார் பத்து வருஷம் வேலை பார்த்திராதவர்கள் ஏ பகுதிக்கும் பிரீமியம் கட்ட வேண்டும். 2025-ல் அது மாதம் 518 டாலர், பி பகுதிக்கு 185. ஒரு ஆளுக்கு. இந்தக் கணக்கை டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

அம்மாவுக்கு மாத்திரை கொஞ்ச நாள் உதவியது. அதைவிட உதவியது ஒரு தையல் மெஷின். முதலில் அக்காவின் புடவைக்கு ஃபால்ஸ், பிறகு பக்கத்துத் தெரு தெலுங்கு அம்மாவின் பிளவுஸ். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எங்கம்மாவுக்குத் தெலுங்கு தெரியாது. தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங்கில் என்னதான் பேசிக்கொள்வார்களோ! க்ரீன் கார்டில் வேலை செய்யலாம், சம்பாதிக்கலாம். ஆனால் சொந்தத் தொழிலில் செலவு போக வருஷத்துக்கு 400 டாலரைத் தொட்டால் அதற்கும் வரி உண்டு என்றேன். "உன் கவர்மென்ட்டுக்கு ஒரு பிளவுஸ் தைச்சுத் தரேன், போதும்" என்றார். சீட்டு மட்டும் ஆரம்பித்துவிட வேண்டாம் என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

பேரப்பிள்ளைகள் விஷயமும் இருக்கிறது. டே-கேர் செலவு மிச்சம் என்று நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் கணக்கில் வைத்திருக்கிறோம். பேரனைப் பார்த்துக்கொள்வதில் அவர்களுக்கு சந்தோஷம்தான், ஆனால் நேர வரம்பில்லாத சந்தோஷம் சம்பளமில்லாத வேலையாகிவிடும். இப்போது அக்கா வீட்டில் சனி, ஞாயிறு தாத்தா பாட்டிக்கு லீவு. ஃபிரிஸ்கோ அனுமார் கோயிலுக்குப் போவார்கள், அல்லது யாரையாவது பார்க்கப் போவார்கள், அல்லது தூங்குவார்கள். யாரும் கேட்பதில்லை.

மீதி இருப்பது திருச்சி வீடு. "அங்க பாதி இங்க பாதி இருந்துக்கறோமே" என்பது எல்லாப் பெற்றோரும் கேட்பது. சட்டம் அதற்கு அவ்வளவு தாராளமாக இல்லை. ஒரு வருஷமோ அதற்கு மேலோ தொடர்ந்து வெளியே இருந்துவிட்டு க்ரீன் கார்டை மட்டும் காட்டி உள்ளே வர முடியாது. அப்படி இருக்க வேண்டுமென்றால் இங்கிருந்து கிளம்பும் முன்பே ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டினாலே குடியுரிமைக்கான வசிப்புக் கணக்கு கேள்விக்குள்ளாகும். அதனால் அப்பா வருஷத்துக்கு மூன்று மாதம் போகிறார், நவம்பர் பார்த்து. ரயில்வே பென்ஷனுக்கான வாழ்நாள் சான்றிதழை அந்த மாதம்தான் கொடுக்க வேண்டும். இங்கிருந்தே இந்தியத் துணைத் தூதரகம் மூலமும் செய்யலாம், டெக்சாஸுக்கு அது ஹூஸ்டன். ஆனால் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு, சங்கத்தில் டீ குடித்துவிட்டு வருவதை அவர் விடமாட்டார்.

வீட்டை விற்றுவிடலாம் என்று மாமா ஒருவர் போன் பண்ணிக்கொண்டே இருக்கிறார், நல்ல விலையாம். வந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் பெற்றோரை ஊர் வீட்டை விற்க வைக்கக் கூடாது என்பது என் கட்சி. அக்கா வாடகைக்கு விடலாம் என்கிறாள். அப்பா இந்த நவம்பரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அம்மாவிடம் கேட்டோம். "மாடியை விடுங்க. கீழ பூட்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மெஷினில் நூல் கோர்க்கப் போய்விட்டார்.