மானிப்பாய்ச் சத்திரவைத்தியர் விட்டுச்சென்ற ஏடுகள்

இலண்டன் மாநகரத்துச் சத்திரவைத்தியர் கல்லூரியிலே ஹண்டர் நூதனசாலை என்றொன்று உண்டு. ஜோன் ஹண்டர் என்னும் பேர்பெற்ற சத்திரவைத்தியர் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த உடலுறுப்புகளும் எலும்புகளும் கண்ணாடிக் கலங்களில் அங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன. அவர் 1793இல் காலமானார். 1799இல் ஆங்கில அரசாங்கம் அச்சேர்க்கையை விலைகொடுத்து வாங்கியது. 1941இல் விழுந்த குண்டுகளால் அதிற் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியதைக் காண இன்றும் உலகின் நாலா திசைகளிலிருந்தும் மாணவர் செல்கின்றனர்.

தமிழர் நாட்டில் தொண்டாற்றிய சத்திரவைத்தியர் ஒருவரின் முதுசொம் வேறு வகையானது. அவர் பொருள்கள் கண்ணாடிக் கலங்களில் இல்லை. தமிழ்ச் சொற்களில் இருக்கின்றன. அவற்றைத் தேடுவோர் யாழ்ப்பாணத்துக்கும் போகவேண்டும், அமெரிக்காவுக்கும் போகவேண்டும்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஊஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர். அதே ஆண்டிலேதான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். ஒருவர் சைவத்தைக் காக்க எழுந்தவர். மற்றவர் கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்தவர். சமயத்தில் இருவரும் இரு துருவங்கள். ஆயினும் தமிழ் உரைநடை புதுப்பொருள்களைச் சுமக்கவல்லது என்பதை மெய்ப்பித்தவர்கள் என்ற வகையில் இருவரையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுதல் தகும் என்பது எமது கருத்து. சைவராகிய நாம் கிறீனின் சமய நோக்கை ஏற்க வேண்டியதில்லை. அவர் தமிழுக்குச் செய்ததை மறுக்கவும் வேண்டியதில்லை.

நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று 1845இல் பட்டம் பெற்ற கிறீன், 1847இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. முதலில் வட்டுக்கோட்டையிலும் மறு ஆண்டு தொடக்கம் மானிப்பாயிலும் இருந்து நோயாளரைப் பார்த்ததோடு, உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து வைத்தியமும் கற்பித்தார். தொடக்கத்தில் போதனை ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆங்கிலத்தில் தேறியவர்களோ அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் சென்றுவிட்டனர். கிராமத்து நோயாளர் பழையபடியே கிடந்தனர். இதைக் கண்ட கிறீன், ஊரவர்க்கு வைத்தியம் செய்யவேண்டியவன் ஊர்மொழியிலேயே கற்கவேண்டும் என்று துணிந்தார். 1864 முதல் மானிப்பாயில் வைத்தியக் கல்வி தமிழில் நடைபெறலாயிற்று. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! அங்கேதான் அந்த மனிதரின் பெரும் உழைப்பைக் காண்கிறோம். 1857இல் ‘பிரசவ வைத்தியம்’ வெளிவந்தது. 1867இல் டுறூயிற் என்பாரின் சத்திரவைத்திய நூல் ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் தமிழாயிற்று. கிறேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் முதன்முதல் வெளியானது 1858இல்; பதினான்கே ஆண்டுகளில், 1872இல், அது ‘மனுஷ அங்காதிபாதம்’ எனத் தமிழில் வந்துவிட்டது. இன்று மேல்நாட்டில் வெளியாகும் எந்த வைத்திய நூல் பதினான்கு ஆண்டுகளில் தமிழுக்கு வருகிறது? ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’, ‘மனுஷ சுகரணம்’, ‘இந்து பதார்த்த சாரம்’ என அவ்வரிசை நீளுகின்றது. இவையனைத்தும் கிறீன் ஒருவரின் கைவேலை என்று நினைத்துவிடலாகாது. அவருடைய மாணாக்கர் பலர் மொழிபெயர்ப்பில் உடனுழைத்தனர். டான்வர்த், சப்மன், போல் என்று அவர்களுடைய பெயர்கள் அமெரிக்கப் பெயர்களாக ஒலிக்கும். ஆனால் அவர்கள் யாழ்ப்பாணத் தமிழரே. உதவிப் பணம் அனுப்பிய அமெரிக்கர் பெயரை மாணவனுக்குச் சூட்டுவது அக்காலத்து மிஷன் பாடசாலைகளின் வழக்கம்.

சொல்லாக்கத்தில் கிறீன் கைக்கொண்ட முறையை மாணவர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். முதலில் தமிழிற் பொருத்தமான சொல் உண்டா என்று தேடினார். இல்லையேல் வடமொழியை நாடினார். அங்கும் கிடையாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். ‘கெமிஸ்தம்’ இம்மூன்றாம் வழியில் வந்தது. உடற்கூற்றியலுக்கு அவர் ஆண்ட ‘அங்காதிபாதம்’ என்ற சொல்லோ, ‘பாதாதிகேசம்’ கேட்டுப் பழகிய செவிக்கு அந்நியமாகத் தோன்றாது. உடற்றொழிலியலைச் ‘சுகரணம்’ என்றார். இச்சொற்களிற் பல இன்று வழக்கிழந்துவிட்டன. ஆயினும் ‘தமிழில் விஞ்ஞானம் முடியுமா?’ என்று ஐயுறும் எம் மாணவர்களுக்கு, அக்கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை அச்சாகிவிட்டது என்பது தெரியவேண்டும். உயர்தரம் வரை தமிழில் உயிரியல் கற்று, மருத்துவபீடத்தில் நுழைந்ததும் ஆங்கிலத்தில் திகைத்து நிற்கும் மலைநாட்டுப் பிள்ளைகளை நாம் அறிவோம். அவர்கள் தம் மொழியைக் குறைகூறக் கேட்கும்போதெல்லாம் ‘இரண வைத்திய’மே நினைவுக்கு வருகின்றது.

1873இல் கிறீன் உடல் நலிந்து தாயகம் திரும்பினார். கொழும்பில் 1870இல் ஆங்கில வழி வைத்தியக் கல்லூரி தோன்றிவிட்டமையால் தமிழ்வழி வைத்தியக் கல்விக்கு ஆதரவு குன்றியது. அவரோ ஊஸ்ரரிலிருந்தபடியே தமிழ்க் கையெழுத்துப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ‘இந்து பதார்த்த சாரம்’ வெளிவந்த 1884ஆம் ஆண்டிலேயே காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்றே அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவர் குடும்பத்தாரின் கடிதங்களையும் பத்திரங்களையும் ஊஸ்ரரிலுள்ள அமெரிக்கத் தொல்பொருட் சங்கம் காத்துவருகின்றது. மிஷன் தலைமையகத்துக்கு இலங்கையிலிருந்து சென்ற கடிதங்கள் ஹாவார்ட் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. குடும்பத் தோட்டமாகிய கிறீன் ஹில் இன்று ஊஸ்ரர் நகரப் பூங்கா. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இருக்கின்றது. ஆனால் நூல்களின் கதை அத்தனை நலமானதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதன்பின் போரினாலும் இடப்பெயர்வினாலும் வீட்டு அலுமாரிகளிலிருந்த பிரதிகள் எத்தனை போயினவோ! பழைய ஈழத்து நூல்களைப் படம்பிடித்து எவரும் இலவசமாக வாசிக்க வைக்கும் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் 2005இல் தொடங்கப்பட்டது இதனால் அருமையான செயலாகிறது.

மலைநாட்டார்க்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். ‘இரண வைத்தியம்’ வெளிவந்த அதே 1867இல்தான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டார். தமிழகத்திலிருந்து நடந்துவந்து காட்டை அழித்துத் தோட்டமாக்கிய எம் முன்னோருக்கு வாந்திபேதியும் காய்ச்சலும் வந்தபோது, தமிழிற் கற்ற வைத்தியர் அவர்தம் பக்கத்தில் இருந்திருப்பின் எத்தனை உயிர் தப்பியிருக்கும்! தோட்டத்து டிஸ்பென்சரியில் பிற்காலத்தில் மருந்து தந்தவர்கள் வைத்திருந்த பதிவேடுகளும் உண்டு. இன்னார் பிள்ளை பிறந்தது, இன்னார் இறந்தது, இன்ன காயத்துக்கு இத்தனை தையல் என்று எழுதிய தடித்த ஏடுகள் அவை. ஹண்டரின் கண்ணாடிக் கலங்களுக்கு அவை குறைந்தவையல்ல. பொல்பிட்டியவிலும் நோட்டன்பிரிட்ஜிலும் கினிகத்தேனையிலும் அவ்வேடுகளிற் சில இன்னும் எங்கேனும் கிடக்கக்கூடும். இப்பக்கத்து மழைக்கும் கறையானுக்கும் காகிதம் அதிக காலம் நிற்பதில்லை. பழைய டிஸ்பென்சரிக் கட்டடத்தைத் துப்புரவு செய்பவர்கள் அவற்றை அடுப்புக்கு அனுப்புமுன் அருகிலுள்ள பாடசாலை ஆசிரியர் ஒருவரிடம் காட்டலாம். கைபேசியிற் படம் எடுத்துவைக்க ஒரு நாட்பொழுது போதும்.