கண்ணுக்கு அகப்படாத புழுக்கள்

கலசப்பாக்கம் பகுதியில் செய்யாற்றை ஒட்டிய நஞ்சைகளில் நெல்லும், மேட்டுக் கொல்லைகளில் மணிலாக்கொட்டையும் எள்ளும் பயிராகின்றன. எள் விதைத்த குடியானவர் சில வேளைகளில், முந்தின நாள் தழைத்திருந்த செடி வெறுங்குச்சியாய் நிற்பதைக் காண்பதுண்டு. தின்ற புழுவைத் தேடினால் கிடைப்பதில்லை. அது வேறெங்கும் சென்றுவிடவில்லை. அச்செடியிலோ அடுத்த செடியிலோதான் இருக்கிறது. விரல் பருமனுள்ள அப்புழுவின் உடல் இலைப்பச்சை நிறம். இரு பக்கங்களிலும் சாய்வாக ஓடும் மஞ்சட்கோடுகள் இலை நரம்புகளைப் போலவே தோன்றும். வாலருகில் ஒரு கொம்பு உண்டு. ஆதலின் புழுவைத் தேடுவதினும் அதன் எச்சத்தைத் தேடுவதே எளிது. செடியின் அடியில் மிளகளவான கரிய உருண்டைகள் புதிதாகக் கிடந்தால், அதற்கு நேர் மேலே நோக்குக, புழு அகப்படும். ஆரம்பத்திலேயே கையால் பொறுக்கி அழிப்பின் மருந்துச் செலவு மிச்சம்.

இந்நிறம் மனிதனை ஏமாற்ற உண்டானதன்று. பறவையின் கண்ணை ஏமாற்ற உண்டானது. புழுக்கள் தாமே யோசித்து நிறம் பூசிக்கொள்வதும் இல்லை. எளிதில் தென்பட்டவற்றைப் பறவைகள் தின்றன. சற்றே மறைந்திருந்தவை தப்பிப் பெருகின. தலைமுறை தலைமுறையாக இவ்விதம் நிகழ்ந்ததன் பயனே இலையோடு இலையாய் நிற்கும் இன்றைய உடல்.

எலுமிச்சைக் கன்றில் காணும் புழுவோ பருவத்திற்கேற்ப வேடம் மாற்றுகிறது. இளமையில் கருமையும் வெண்மையும் கலந்து, இலைமேல் விழுந்த பறவை எச்சம் போல் கிடக்கும். எச்சத்தைத் தின்னும் பறவை ஏது? உடல் பெருத்தபின் அவ்வேடம் செல்லாது, ஆகவே பச்சையாகிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் உள்ள இலைப்பூச்சி இவ்வித்தையின் சிகரம் எனலாம். நரம்பு, ஓரம் யாவும் இலையே. நடக்கும்போது காற்றிலாடும் இலைபோல் அசையும். அதன் முட்டையும் விதையைப் போன்றே தரையில் கிடக்கும்.

பறவைக்கு அஞ்ச வேண்டாத பூச்சியின் கதி யாது? ஆரணி நெசவாளர் தறியில் ஓடும் பட்டு நூலைத் தரும் புழுவே அதற்குச் சான்று. அதன் காட்டு இனம் சீன தேசத்து முசுக்கட்டை மரங்களில் இன்றும் வாழ்கிறது. அப்புழு பழுப்பும் சாம்பலும் கலந்து சிறு கிளையைப் போல் மறைந்திருக்கும். மனிதன் ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளாகத் தட்டில் வைத்து இலையூட்டி வளர்த்த புழுவோ வெள்ளை வெளேரென்று உள்ளது. மறைவு தேவையில்லாமற் போகவே மறைக்கும் நிறமும் போயிற்று. அதன் அந்துப்பூச்சிக்குப் பறக்கும் ஆற்றலும் இல்லை. அதனைத் திறந்த மரத்தில் விட்டால் காக்கைக்கும் மைனாவுக்கும் விருந்தாகிவிடும்.

எல்லாப் பூச்சிகளும் மறைவதில்லை. எருக்கஞ்செடியில் மஞ்சளும் நீலமுமாய் அமர்ந்திருக்கும் வெட்டுக்கிளி தன்னைப் பறைசாற்றிக்கொள்கிறது. எருக்கின் நஞ்சு அதன் உடலில் ஏறியுள்ளது. ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை அணுகாது. அதே செடியில் வளரும் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியும் அவ்வாறே. நஞ்சற்ற வேறோர் இனத்தின் பெண் அதைப் போலவே உருவெடுத்துப் பிழைப்பது வேடிக்கை. இத்தகைய போலி உருவங்களை 1862-இல் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர், அமேசான் காடுகளில் தாம் கண்ட பட்டாம்பூச்சிகளைக் கொண்டு விளக்கினார். மணிலாப் பயிரை அழிக்கும் கம்பளிப்புழுவும் தன் மயிர்களை நம்பிப் பட்டப்பகலில் வெளிப்படையாகவே ஊர்ந்து செல்கிறது.

மறைந்திருப்பவை யாவும் பகையுமல்ல. பச்சையாகவோ சருகு நிறமாகவோ அசையாது நிற்கும் கும்பிடு பூச்சி, பயிர் தின்னும் பூச்சிகளைப் பிடித்துண்பது. குச்சிகளில் காய்ந்த நுரைபோல் ஒட்டியிருக்கும் கூடு அதன் முட்டைக்கூடு; களை பறிக்கையில் அதைக் கண்டால் குச்சியோடு வேலியோரம் செருகிவிடலாம். எள்ளுக் கொல்லையில் ஆங்காங்கே கவைக்கம்புகள் நட்டால் கரிச்சானும் மைனாவும் வந்து அமரும். நமக்குத் தென்படாத புழுக்களுள் பலவற்றை அவை கண்டுபிடித்துவிடும். ஆயினும் எச்சம் பார்த்துப் பொறுக்குவதை நிறுத்தலாகாது.