சுண்ணாம்பு மட்டும் போதாது

மோகனூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். கால் துவண்டு செத்த குஞ்சை அறுக்கும்போது, முதலில் காலெலும்பை ஒடித்துப் பார்ப்பேன். நல்ல எலும்பு படக்கென்று முறியும். சத்துக் கெட்டது ரப்பர் மாதிரி வளையும்.

“டாக்டரம்மா, கிளிஞ்சலைக் கூடத்தானே போட்டேனுங்க?” என்பார் பண்ணைக்காரர். கோளாறே அதில்தான். எலும்பென்றால் சுண்ணாம்புச் சத்துதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது; பாஸ்பேட்டை யாரும் கேட்பதில்லை.

கால் நீள்வது எலும்பு முனையிலுள்ள குருத்தெலும்பால். அங்கே செல்கள் அடுக்கடுக்காகப் பெருகி, பிறகு ஊதிப் பருக்கும். பருத்த செல் செத்து வழிவிட்டால்தான் ரத்தக்குழாய் உள்ளே நுழையும், எலும்பு படியும். அந்தச் சாவைத் தூண்டுவது பாஸ்பேட். 2005இல் பாஸ்டனில் மேரி டிமே குழுவினர் சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள். ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்தால், பருத்த செல்கள் சாகாமல் குவிந்து குருத்தெலும்பு தடித்துக்கொண்டே போகிறது. கால்சியத்தோடு சேர்ந்து எலும்பைக் கெட்டிப்படுத்துவதும் பாஸ்பேட்தான். ஆனால் அதற்கு முன்பே அது செய்யும் இந்த வேலை எனக்கு இன்றும் வியப்பு.

தீவனத்திலுள்ள மக்காச்சோளத்திலும் சோயாவிலும் பாஸ்பரஸ் இல்லாமல் இல்லை. ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி கோழிக்குப் போதாது. அதனால்தான் தீவனத்தில் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) சேர்க்கிறோம், பைட்டேஸ் என்ற அந்த நொதியையும் கலக்கிறோம். முட்டையிடும் கோழிக்கு ஓடு கட்ட 4% வரை கால்சியம் வேண்டும். குஞ்சுக்கு 1% போதும். பெரிய கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டால், மிஞ்சிய கால்சியம் குடலிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு போய்விடும். சிறுநீரகமும் கெடும்.

மனிதக் குழந்தைகளிலும் இதற்கு உறவான நோய் உண்டு. சாதாரண அளவு வைட்டமின் டி-க்கு மசியாத ரிக்கெட்ஸை 1937இல் ஃபுல்லர் ஆல்பிரைட் விவரித்தார். அந்த வகையில் முக்கியமான பரம்பரை நோய் ஒன்றில் சிறுநீரகம் பாஸ்பேட்டை வீணாக வெளியேற்றும். அதற்கான பெக்ஸ் மரபணு 1995இல் பிடிபட்டது. இந்தக் குழந்தைகளுக்குக் கால்சியம் மாத்திரை மட்டும் கொடுத்தால் கால் நிமிராது. நடக்கத் தொடங்கியபின் கால் வளைந்துகொண்டே போனால், ரத்தத்தில் பாஸ்பேட் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகளுக்கு அது பெரியவர்களைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டால், குறைந்திருப்பதும் சரியாக இருப்பதாகவே தெரியும்.