மடிக்கணினிக்கு வந்த காய்ச்சல்

தில்லியில் மே மாதம் பிறந்துவிட்டால், நம் இல்லங்களில் குளிர்ந்த பொருள் என்று சொல்லத்தக்கது மண்பானை ஒன்றே. சுவர் சுடும், குழாயைத் திறந்தால் நீரும் சுடும். 2024ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் சப்தர்ஜங்கில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய நாள்களில்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை. வெயிலில் ஓடியாட வழியில்லாமையால், விளையாட்டும் மடிக்கணினிக்குள் புகுந்துவிடுகிறது.

நம் இல்லத்திலும் அவ்வாறே. மகனின் கல்லூரிப் படிப்பிற்கென்று மாதத் தவணையில் வாங்கிய மடிக்கணினி அது. ஐந்து தவணைகள் இன்னும் பாக்கி. பாடம் படிக்கும்போது பூனைபோல் அடங்கியிருக்கும் அப்பொறி, கார்ப் பந்தய ஆட்டம் தொடங்கிய கால் மணி நேரத்தில் சீறத் தொடங்கும். பின்னர்ப் படம் விட்டுவிட்டு நகரும். ஒருநாள் தானாகவே அணைந்துவிட்டது. பழுது பார்க்கும் கடையொன்றில் காட்டினோம். திறந்தும் பாராமல், "மதர்போர்டு போய்விட்டது, மாற்றவேண்டும்" என்றனர். கேட்ட தொகையோ மூன்று தவணைகளுக்குச் சமம். "யோசித்துச் சொல்கிறோம்" என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அந்த யோசனையின் பயனே இக்கட்டுரை.

மடிக்கணினியில் வெப்பம் பிறக்கும் இடங்கள் முக்கியமாக இரண்டு: கணக்கிடும் செயலி ஒன்று, திரைக்குப் படம் தீட்டும் சில்லு மற்றொன்று. எழுத்து வேலைக்கு இவை சில வாட் மின்சாரத்தோடு நிறைவடையும். பெரிய ஆட்டங்களிலோ இரண்டும் சேர்ந்து 100 வாட்டுக்கு மேலும் உண்ணக்கூடும். எரிந்துகொண்டிருந்த பழைய 100 வாட் குண்டு பல்பை அறியாமல் தொட்டவர்களுக்கு அதன் சூடு நினைவிருக்கும். அத்தனை சூடும் இங்கே நகமளவான பரப்புகளில் எழுகிறது. அதைச் சுமந்து செல்வது ஒரு செம்புக் குழாய். அதனுள் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டுள்ளது. அந்நீர் சில்லின் அருகே ஆவியாகி, மறுமுனைக்கு விரைந்து, மெல்லிய உலோகத் தகடுகளில் வெப்பத்தை இறக்கிவிட்டு மீண்டும் நீராகித் திரும்புகிறது. இட்லிப் பானையின் மூடியில் ஆவி நீராகிச் சொட்டுவதை நாள்தோறும் காணும் இல்லத்தரசியர்க்கு இதில் வியப்பொன்றும் இராது. தகடுகளினூடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியேற்றுவது விசிறியின் வேலை.

ஆனால் விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, தள்ளுகிறது, அவ்வளவே. அறைக்காற்று 40 டிகிரியாயின், பொறியை அதனினும் குளிரச் செய்ய அதனால் இயலாது. அக்காற்றின் வழியும் அடைபட்டால் செயலி 100 டிகிரியை நெருங்கிவிடும். அப்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதற்கும் சூடு தணியாவிடில் பொறி அணைந்துவிடுகிறது. ஆகவே இத்தயக்கமும் அணைவும் பெரும்பாலும் தற்காப்பே. இவற்றை மட்டும் கண்டு மதர்போர்டு மாண்டதென்று தீர்ப்புக் கூறலாகாது.

நம் பொறியில் வழியை அடைத்தது எது? மகன் ஆடியது மெத்தையின்மேல். பல மடிக்கணினிகள் அடிப்புறத்தால் காற்றை இழுப்பவை. மெத்தைமேல் வைப்பது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வதை ஒக்கும். குளிர்காலத்தில் ரஜாய்க்குள் வைத்து ஆடியதும் விசாரணையில் வெளிவந்தது! மற்றொரு குற்றவாளி, ஆந்திக் காற்று கொணர்ந்த தூசி. அடிமூடியைக் கழற்றியபோது தகடுகளின்மேல் கம்பளம் விரித்தாற்போல் படிந்திருந்தது. மின்னிணைப்பையும் பேட்டரி இணைப்பையும் நீக்கி, இறக்கைகள் சுழலாதபடி விசிறியைப் பிடித்துக்கொண்டு, காற்றுக் குப்பியால் சிறுகச் சிறுக ஊதினோம். உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் தாமே திறவாதிருத்தல் நன்று. சில்லுக்கும் செம்புக்கும் இடையே பூசிய பசை உலர்ந்திருந்தால், அதை மாற்றுவது கைதேர்ந்தவரின் வேலை.

ஆட்டத்தின் அமைப்பில், நொடிக்கு 60 படங்களுக்கு மேல் வேண்டாமென்று வரம்பிட்டோம். கண்ணுக்குப் பெரிய நட்டமில்லை, சூடு குறைந்தது. கூலருக்கு நேரே வைக்கலாம் என்றாள் மனைவி. அது ஈரக்காற்று, ஆகாது. சிறிது நேரம் பிரிட்ஜில் வைக்கலாம் என்றான் இளையவன். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோக்கும் என்று தடுத்தோம்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. நெடுநாள் சூட்டில் கிடந்த லித்தியம் பேட்டரி சில சமயம் உப்பிவிடும். விரலால் தடவும் பலகை மேலெழும்பினாலோ, மூடி சரிவர மூடாவிட்டாலோ, அன்றே பொறியை நிறுத்திவிட வேண்டும். சார்ஜ் ஏற்றுவதும், அழுத்திப் பார்ப்பதும், குத்திப் பார்ப்பதும் தீயில் முடியலாம். அப்பேட்டரியை வீட்டுக் குப்பையிலும் எறியலாகாது. மின்கழிவு வாங்குவோரிடமே சேர்க்கவேண்டும்.

இப்போது நம் மடிக்கணினி மேசைமேல் இருக்கிறது. காற்று வாய்களை மறைக்காமல் பின்விளிம்பைச் சற்று உயர்த்த, ஊரிலிருந்து வந்த பாட்டியின் பல்லாங்குழியை மடித்து அடியில் வைத்துள்ளோம். இரைச்சல் முற்றும் ஓயவில்லை. ஆனால் பொறி அணையவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பாட்டி தம் பல்லாங்குழியைத் திருப்பிக் கேட்கிறார். அத்துடன் கார்ப் பந்தயமும் நின்றுவிடுகிறது.