பல்லைக் கடித்துப் பொறுப்பதும் வாய் திறந்து சொல்வதும்

பல்வலி ஒரு நோயன்று. ஆனால் வந்துவிட்டால் உயிரை வாங்கிவிடும். சீன மக்கள் இன்றும் அன்றாடப் பேச்சில் சொல்லும் பழமொழி இது. முதற்பாதியைப் பல்வலி வராதவரும், பிற்பாதியை நள்ளிரவில் கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரும் சொல்லியிருக்க வேண்டும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் சீனத்தை ஆண்ட ஷாங் மன்னர்கள், ஆமையோட்டிலும் மாட்டெலும்பிலும் கேள்விகளைப் பொறித்துக் குறி கேட்டனர். மழை வருமா, போரில் வெற்றி கிட்டுமா என்ற கேள்விகளுக்கு நடுவே பல் நோயைப் பற்றிய கேள்விகளும் அவற்றில் காணப்படுகின்றன. படை நடத்திய மன்னரையும் பல் ஒன்று உறங்கவிடாமல் செய்திருக்கிறது.

ஜப்பானியர் சொத்தைப் பல்லை ‘முஷிபா’ என்பர். முஷி என்றால் பூச்சி. நம் வீட்டுப் பெரியவர்களும் பூச்சிப் பல் என்றே சொல்வதுண்டு. உண்மையில் பூச்சி ஏதும் இல்லை. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு வெளியிடும் அமிலமே பல்லை அரிக்கிறது. ஆயினும், உள்ளிருந்து ஏதோ ஒன்று தின்கிறது என்ற உணர்வை அப்பெயர் எவ்வளவு சரியாகச் சொல்லிவிடுகிறது!

பல்லையும் கடித்தலையும் குறித்து இவ்விரு மொழிகளிலும் வழங்கும் சொற்கள் ஏராளம். அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, பல மருத்துவமனைப் படுக்கையருகே பிறந்தவை போலவே எங்களுக்குத் தோன்றின. அதனால்தான் அவற்றுள் சிலவற்றை இவ்விதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

துன்பத்தைத் தாங்குவதை ஜப்பானியர் ‘ஹா ஓ குயிஷிபரு’ என்பர். பற்களை இறுகக் கடித்தல் என்பது பொருள். சீனர் தாடையைப் ‘பற்களின் கோட்டைவாயில்’ என்னும் பொருள்படும் சொல்லால் குறிப்பர். அந்த வாயிலை இறுக மூடிக்கொள்வதே அவர்கள் பேச்சில் மனவுறுதி. உடைந்த பல்லை இரத்தத்தோடு சேர்த்து விழுங்குதல் என்று ஒரு வழக்கும் அங்கே உண்டு. அடிபட்டதைப் பிறர் அறியவிடாத வீரம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தளபதியும் அமைச்சருமான ஸெங் குவோஃபான் அதனைத் தம் வாழ்நெறியாகவே கொண்டிருந்தார். தமிழிலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்கிறோம். மூன்று மொழியினரும் வலிக்கு ஒரே இடத்தில் பூட்டுப் போட்டிருக்கிறோம்.

போர்க்களத்துக்கு அந்தப் பூட்டு பொருந்தலாம். மருத்துவமனைக்குப் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. வலி இருக்கிறதா என்று செவிலியர் கேட்கும்போது, கண்களை மூடிக்கொண்டு இல்லையென்று தலையசைப்போர் பலர். பிறருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஆனால் வயிற்றிலோ மார்பிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் வலியை அடக்கினால், மூச்சை ஆழ இழுக்க மாட்டார். இருமிச் சளியை வெளியேற்ற மாட்டார். எழுந்து நடக்கத் தயங்குவார். சளி தேங்கி நுரையீரலில் தொற்று உண்டாவதற்கும், காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைவதற்கும் அது வழிசெய்யும். வலிக்கு மருந்து கேட்பதும் குணமாகும் முயற்சியின் ஒரு பகுதியே.

சொல்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. வலியைக் குறிக்க ஜப்பானிய மொழியில் இரட்டைக்கிளவிகள் பல உள்ளன. நாடித் துடிப்போடு சேர்ந்து தெறிக்கும் வலி ‘ஸுகிஸுகி’. தீப்பட்டது போன்ற எரிச்சல் ‘ஹிரிஹிரி’. குளிர்ந்த நீர் பட்டதும் பல் கூசுவதற்குத் தனியே ‘ஷிமிரு’ என்ற வினைச்சொல் உண்டு. நோயாளி இச்சொல்லைச் சொன்னதுமே மருத்துவருக்குப் பாதி வழி தெரிந்துவிடும். தமிழ் இதில் சற்றும் குறைந்ததன்று. விண்விண்ணென்று தெறிக்கிறது, சுருக்கென்று குத்துகிறது, மதமதவென்று இருக்கிறது, கூசுகிறது என்று நீங்கள் வீட்டில் சொல்லும் சொற்களையே மருத்துவரிடமும் சொல்லுங்கள். ‘ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்பதைவிட அவை எங்களுக்குப் பன்மடங்கு உதவுகின்றன.

சீனத்தில் ‘யாவ் யா’, அதாவது பல் கடித்தல், என்னும் ஒரே தொடர் மனத்தைத் திடப்படுத்திக்கொள்வதையும் குறிக்கும். உறக்கத்தில் பற்களை நறநறவென்று அரைப்பதையும் குறிக்கும். பகலில் அடக்கிய கவலை இரவில் தாடைக்கு இறங்குவதும் உண்டு. காலையில் தாடை வலியோ நெற்றிப்பொட்டில் தலைவலியோ இருந்தால், பற்கள் தேய்ந்திருந்தால், பல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இரவில் அணியும் பல்லுறை பற்களைத் தேய்மானத்திலிருந்து காக்கும்.

இனி, நோயாளியின் அருகிலிருக்கும் உங்களுக்கு உரிய ஒரு சொல். ஜப்பானிய மொழியில் ‘ஹகயுயி’ என்பர். நேர்ப்பொருள் ‘பல் அரிக்கிறது’ என்பதாகும். தோல் அரித்தால் சொறியலாம். பல் அரித்தால் என்ன செய்வது? பிறர் ஒன்றைச் செய்யத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு, தாம் கைகொடுக்க இயலாமல் தவிக்கும் நிலையை அச்சொல் குறிக்கிறது. பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் கணவர், ஒரு தம்ளரைப் பிடிக்க ஐந்து முறை முயல்கிறார். மனைவிக்கு அதை எடுத்து அவர் வாயில் வைத்துவிட ஒரு நொடி போதும். அவரே செய்யட்டும் அம்மா என்று இயன்முறை மருத்துவர் சொல்லியிருப்பதால் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த நிற்றலுக்குத் தமிழில் ஒரே சொல்லாக ஒன்றை நாங்கள் தேடிப் பார்த்தோம். இவ்வளவு பொருத்தமாக எதுவும் கிட்டவில்லை. அவர் அப்போது செய்வது சும்மா நிற்பதன்று. திணறலோடு திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுதான் மூளைக்கு மறந்ததை மீண்டும் கற்பிக்கிறது.

உதட்டையும் பல்லையும் பற்றிய சீனப் பழமொழி ஒன்றன் பின்னணி, உடனிருப்போர் அனைவரும் அறியத்தக்கது. கிறிஸ்துவுக்கு முன் 7ஆம் நூற்றாண்டில் ஜின் என்ற வலிய நாடு, குவோ என்ற சிறிய நாட்டைத் தாக்க விரும்பியது. இடையில் யூ என்ற மற்றொரு சிறிய நாடு கிடந்தது. ஜின் நாட்டார் உயர்ந்த சாதிக் குதிரைகளையும் அரிய பச்சைக்கல் ஒன்றையும் யூ மன்னருக்குப் பரிசாக அளித்து, படை கடந்து செல்ல வழி கேட்டனர். மன்னர் இசைந்தார். சில ஆண்டுகள் கழித்து, கி.மு. 655இல், மீண்டும் வழி கேட்டபோது கோங் ஜிச்சி என்னும் அமைச்சர் தடுத்தார். குவோ நமக்கு வெளிச்சுவர். அது வீழ்ந்தால் நாமும் வீழ்வோம். உதடு போனால் பல் குளிரும் என்று மக்கள் சொல்வது நம்மைப் பற்றியதே என்றார். ஜின் நாட்டார் நம் குலத்தவர் அல்லரோ என்றார் மன்னர். தெய்வங்களுக்குத் தாம் குறைவின்றிப் படையலிடுவதையும் சொல்லிக்கொண்டார். அமைச்சர் தம் சுற்றத்தாருடன் நாட்டைவிட்டு வெளியேறினார். ஜின் படை குவோவை அழித்துவிட்டு, திரும்பும் வழியிலேயே யூ நாட்டையும் பிடித்துக்கொண்டது. சுவோ ஜுவான் என்னும் பழைய வரலாற்று நூல் இதனைச் சொல்கிறது. மற்றொரு பழைய உரைநூலில் ஒரு குறும்பான முடிவும் உண்டு. பரிசாகக் கொடுத்த குதிரைகளையும் கல்லையும் மீட்டு வந்த ஜின் அமைச்சர், கல் அப்படியே இருக்கிறது, குதிரையின் பல் மட்டும் நீண்டுவிட்டது என்றாராம். குதிரையின் வயதைப் பல்லைப் பார்த்தே கணிப்பர். பிற்காலத்தில் சீன அறிஞர்கள் தம் வயதை அடக்கமாகச் சொல்ல, ‘குதிரைப் பல்தான் வளர்ந்தது’ என்று எழுதலாயினர்.

வார்டுகளில் இந்தப் பழமொழியை நாங்கள் கண்ணெதிரே காண்கிறோம். நோயாளி பல்; உடனிருப்பவர் உதடு. நோயாளியின் மாத்திரைகளை மணி தவறாமல் கொடுக்கும் மகள், தம் இரத்த அழுத்த மாத்திரையை மூன்று நாளாக மறந்திருப்பார். தந்தைக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுத் தாம் தேநீரிலேயே பொழுதைக் கழிக்கும் மகனும் உண்டு. இதைத் தியாகம் என்று பாராட்ட எங்களால் இயலவில்லை. உங்கள் உணவையும் உறக்கத்தையும் மருந்தையும் பற்றிச் செவிலியர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். இரவுக்கு வேறொருவரை மாற்றிக்கொள்வது அன்புக் குறைவாகாது.

மருத்துவர்களாகிய எங்களுக்கும் சில சொற்கள் உள்ளன. அவை அவ்வளவு இனியவை அல்ல. எதையோ மறைத்துப் பூசி மெழுகிப் பேசுவோரை, ‘கடைவாய்ப் பல்லில் ஏதோ சிக்கிக்கொண்டது போல’ப் பேசுகிறார் என்பர் ஜப்பானியர். மூடி மறைக்காமல் உடைத்துப் பேசுவோரைப் ‘பல்லுக்கு ஆடை உடுத்தாதவர்’ என்பர். கெட்ட செய்தியைச் சொல்லவேண்டிய அறையில் இவ்விரண்டும் நோயாளியைப் புண்படுத்தக்கூடும். மூன்றாவதாக ஒன்று உண்டு: ‘கண்டே ஃபுகுமேரு’, மென்று வாயில் ஊட்டுதல். பல் முளைக்காத குழந்தைக்குத் தாய் உணவை மென்று மசித்துக் கொடுப்பதுபோல், கடினமான செய்தியைச் சிறிது சிறிதாகப் புரியும்படி விளக்குவதை அது குறிக்கும். (சொல்லுக்குத்தான் இப்பாராட்டு, உங்கள் குழந்தைக்கு உணவை மென்று ஊட்டாதீர்கள், உங்கள் வாய்க்கிருமிகள் அதற்குப் போய்ச் சேரும்.) நாங்கள் சொன்னது விளங்கவில்லையென்றால் மீண்டும் சொல்லுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டதை மனத்தில் அசைபோடுவதற்கும் அங்கே ஒரு சொல் உண்டு. ‘கமிஷிமேரு’, அழுத்தி மெல்லுதல். பெரிய சிகிச்சைக்குக் கையெழுத்திடும் முன், அவசர நிலை அல்லாதபோது, அவ்வாறு மெல்ல நேரம் கேட்கலாம்.

முன்பு ஏதோ ஒரு சிகிச்சையில் வலிபட்டவர், இப்போது ஊசியைக் கண்டதும் நடுங்குவார். ஒருநாள் பாம்பு கடித்தால் பத்தாண்டுக்குக் கிணற்றுக் கயிற்றைக் கண்டும் அஞ்சுவர் என்கிறது சீனப் பழமொழி. கயிறுதான் என்று அதட்டுவதால் அச்சம் போகாது. எப்போது, எதனால் கடிபட்டார் என்று முன்கூட்டியே எங்களிடம் சொல்லிவைத்தால் மெதுவாகச் செய்வோம்.

முதுமைக்கு வருவோம். சீன எழுத்தில் வயதைக் குறிக்கும் எழுத்துக்குள்ளேயே பல் அமர்ந்திருக்கிறது. தாங் காலக் கவிஞர் ஹான் யூ, நாற்பது வயதாகும் முன்பே பார்வை மங்கி, தலை நரைத்து, பல் ஆடத் தொடங்கிவிட்டதென்று வருந்தியவர். பற்கள் உதிர்வதைப் பற்றித் தனிக் கவிதையே எழுதினார். முதற்பல் விழுந்தபோது இடைவெளி தெரிகிறதே என்று நாணமும், மேலும் சில விழுந்தபோது சாவு நெருங்குகிறதோ என்று அச்சமும் கொண்டவர், இறுதியில் மென்மையான உணவின் சுவையைக் கண்டு தேறுகிறார். இன்று அவரைப் பல் மருத்துவரிடம் அனுப்பியிருப்போம். ஜப்பானில் 1989இல், 80 வயதிலும் 20 பற்கள் இருக்கவேண்டும் என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. இருபது பற்கள் இருந்தால் ஏறக்குறைய எல்லா உணவையும் மெல்லலாம் என்பது அதன் கணக்கு. 2016இல் எடுத்த அரசு ஆய்வில், 80 வயதினரில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த இலக்கை எட்டியிருப்பதாக மதிப்பிடப்பட்டது. பல் விழுவது முதுமையின் விதி என்று எண்ணுவோருக்கு இந்த எண்ணைச் சொல்லலாம்.

படுக்கையில் இருக்கும் முதியவருக்குக் காலையும் இரவும் வாயைத் துடைத்துவிடுங்கள். பல் இல்லாதவருக்கும் ஈறையும் நாக்கையும் மென்மையாகத் துடைக்கவேண்டும். வாய்க்கிருமிகள் மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரக்கூடும். பொய்ப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி, நீரில் இட்டு வையுங்கள்.

ஜப்பானில் குழந்தை பிறந்து ஏறக்குறைய நூறாம் நாளில் முதல் உணவூட்டும் சடங்கு நடைபெறும். அன்று கோயிலிலிருந்தோ ஆற்றங்கரையிலிருந்தோ சிறு கல் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பர். ‘பல் உறுதிக் கல்’ என்று அதற்குப் பெயர். உண்ணும் குச்சியின் நுனியை அக்கல்லில் தொட்டு, குழந்தையின் ஈற்றில் மெல்ல ஒற்றுவர். குழந்தைக்கு இன்னும் பல் முளைத்திராது. குச்சியைப் பிடிக்கும் பொறுப்பை வீட்டில் எல்லாரினும் மூத்தவருக்குத் தருவதே மரபு.